பட்ஜெட்: கணக்கா, அனுமதியா?

ஆண்டுக்கு ஐம்பது லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்யும் மத்திய அரசு, சில சமயம் வெறும் ஒரு லட்சம் ரூபாய் கேட்டு நாடாளுமன்றத்தின் முன் நிற்கும். ஆண்டின் நடுவில் வரும் துணை மானியக் கோரிக்கைப் புத்தகத்தைப் புரட்டினால், பல இனங்களுக்கு எதிரே அந்த ஒரு லட்சம்தான் அச்சாகியிருக்கும். அடையாளத் தொகை என்பார்கள். அமைச்சகம் கையில் காசில்லாமல் அதைக் கேட்பதில்லை. ஒரு தலைப்பில் மிச்சமான பணம் இருக்கிறது, அதை வேறொரு புதிய வேலைக்குத் திருப்ப வேண்டும். ஆனால் அந்த வேலைக்கு அவை இதுவரை ஒப்புதல் தரவில்லை. எனவே பணம் இருந்தும் தொட முடியாது, அவையின் சம்மதம் வேண்டும். தொகை ஏதும் குறிப்பிடாமல் சம்மதம் கேட்க நடைமுறையில் இடமில்லாததால், பேருக்கு ஒரு லட்சத்தைக் கேட்கிறார்கள். மறுபக்கம் எதிர்க்கட்சியினர் கொண்டுவரும் வெட்டுத் தீர்மானங்களைப் பாருங்கள். ஒரு துறையின் கொள்கையையே எதிர்ப்பவர் அதன் மானியத்தை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வார். குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்டிக்காட்ட நினைப்பவர் 100 ரூபாயைக் கழிக்கச் சொல்வார். லட்சம் கோடிகள் புரளும் இடத்தில் இந்தச் சில்லறைகளுக்கு என்ன வேலை? பட்ஜெட் என்றால் வரவு செலவுக் கணக்கு என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

தமிழ்ப் பேச்சில் பட்ஜெட் என்ற சொல் இன்று பல வேலை பார்க்கிறது. "என் பட்ஜெட் பதினைந்தாயிரம்தான்" என்று செல்போன் கடையில் சொல்பவர், கையில் உள்ள தொகையைச் சொல்கிறார். பட்ஜெட் ஓட்டல் என்றால் மலிவான ஓட்டல். சின்ன பட்ஜெட் படம் என்றால் பெரிய நட்சத்திரம் இல்லாத படம். மாதக் கடைசியில் பட்ஜெட்டில் துண்டு விழும். காசை எண்ணி எண்ணிச் செலவழிப்பவருக்கு 'பட்ஜெட் பத்மநாபன்' என்று 2000இல் வந்த திரைப்படத்தின் பெயரே பட்டமாகிவிட்டது. அரசு அளவில் நம் சட்டமன்றத்தில் அது நிதிநிலை அறிக்கை, இலங்கையில் வரவு செலவுத் திட்டம். இத்தனை வழக்குகளுக்கும் அடியில், முன்கூட்டியே போட்ட கணக்கு என்ற ஒரே எண்ணம் ஓடுகிறது. அது தவறில்லை, ஆனால் பாதிதான். கணக்கு யாரும் போடலாம். அந்தக் கணக்கைப் பணத்துக்கு உரியவர் முன் வைத்து, இன்ன காரியத்துக்கு, இவ்வளவு தொகை, இந்தக் கெடு வரை என்று ஒப்புதல் பெற்ற பிறகே அது பட்ஜெட் ஆகிறது. இந்த இரண்டாவது பாதி நம் பேச்சிலிருந்து நழுவிப்போனதால்தான், நிதியமைச்சர் அவையில் ஒரு தொகையை வாசித்ததுமே அது செலவாகிவிட்டது போல நாம் மகிழவும் கோபப்படவும் செய்கிறோம்.

சொல்லின் பூர்வீகம் ஒரு தோல் பை. பழைய பிரெஞ்சில் சிறு தோல் பையைக் குறித்த சொல் ஆங்கிலத்துக்கு வந்து, பை என்ற பொருளிலேயே நெடுங்காலம் வழங்கியது. அரசின் நிதித் திட்டத்துக்கு அது பெயரானது ஒரு கேலியால். 1733இல் பிரிட்டனின் நிதிப் பொறுப்பையும் கையில் வைத்திருந்த ராபர்ட் வால்போல், மதுவுக்கும் புகையிலைக்கும் கலால் வரி விதிக்க ஒரு திட்டம் கொண்டுவந்தார். அவரைத் தாக்கி ஒரு துண்டுப் பிரசுரம் வெளிவந்தது. சந்தையில் கூட்டம் கூட்டிப் பையை அவிழ்த்து லேகியம் விற்பவனைப் போல வால்போல் தம் பையைத் திறக்கிறார் என்று தலைப்பிலேயே நையாண்டி. எதிர்ப்பு தாங்காமல் ஓரிரு மாதத்திலேயே வால்போல் திட்டத்தைக் கைவிட்டார். திட்டம் போனது, பை நிலைத்துவிட்டது. ஆனால் இந்தக் கதையில் பையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வால்போல் அதை ஏன் அவையில் திறந்தார்? அரண்மனையில் வைத்தே வரியை அறிவித்திருக்கலாமே! முடியாது. நாடாளுமன்றத்தின் இசைவில்லாமல் மன்னர் வரி வசூலிப்பது சட்டவிரோதம் என்று 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் ஏற்கெனவே அடித்துச் சொல்லியிருந்தது. கேலிக்கு ஆளானாலும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

இசைவு கேட்கத் தேவையில்லாத இடத்தில் பட்ஜெட் எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டின் முதல் பட்ஜெட்டே சாட்சி. 1857 எழுச்சியை அடக்கிய செலவில் இந்திய அரசின் கஜானா கடனில் மூழ்கிக் கிடந்தது. அதைச் சீர்செய்ய லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் அனுப்பப்பட்டார். 'தி எகானமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். 1860இல் கல்கத்தாவில் அவர் வைத்த திட்டத்தில்தான் வருமான வரி இந்தியாவுக்கு வந்தது. ஆண்டுக்கு 200 ரூபாய் சம்பாதிப்பவரும் அதில் சிக்கினார். இந்தியர் தேர்ந்தெடுத்த உறுப்பினர் எவரும் அப்போது சட்டசபையில் இல்லை. எதிர்ப்புக் குரல் வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து: சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன். புதிய வரி போடுவதைவிட இராணுவச் செலவைக் குறைப்பதே வழி என்று அவர் வாதிட்டார். அதைக் கோப்புக்குள் வைத்திருந்தாலாவது தப்பியிருப்பார். தம் ஆட்சேபத்தைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்தார். விளைவு, லண்டன் அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வில்சனும் கல்கத்தாவில் நோய்கண்டு இறந்துபோனார். விந்தை என்னவென்றால், சில ஆண்டுகளில் டிரெவெல்யனே இந்தியாவின் நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். 1865இல் அவர் காலத்திலேயே அந்த வருமான வரி கெடு முடிந்து காலாவதியானது. அவரை மக்கள் பக்கம் நின்றவராகக் கொண்டாட வேண்டியதில்லை. அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணப் பொறுப்பில் இருந்துகொண்டு அவர் காட்டிய கறார் இன்றும் அங்கே மறக்கப்படவில்லை. ஆனால் அனுமதி தரும் அவை இல்லாத நாட்டில் ஓர் ஆளுநர் ஆட்சேபித்தாலும் வேலைதான் போகும் என்பதை அவர் கதை காட்டுகிறது. வில்சனின் கணக்கு நேர்த்தியானது, அதை யாரும் மறுக்கவில்லை. அதற்கு ஒப்புதல் தர வேண்டியவர்கள்தான் அறைக்குள் இல்லை.

அவர்கள் அறைக்குள் வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1892இல் வந்த சட்டம் பட்ஜெட்டைப் பற்றிப் பேச உறுப்பினர்களுக்கு இடம் கொடுத்தது, வாக்களிக்க அல்ல. அந்தப் பேச்சு உரிமையை வைத்தே கோபால கிருஷ்ண கோகலே என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். 1902இல் அரசு உபரி பட்ஜெட் காட்டிப் பெருமைப்பட்டது. நாட்டில் பஞ்சம், அரசிடம் உபரி. அப்படியானால் தேவைக்கு மேல் வரி பிடுங்கியிருக்கிறீர்கள் என்றுதானே அர்த்தம் என்று அரசின் எண்களை வைத்தே கோகலே மடக்கினார். உப்பு வரியைக் குறைக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு உப்பு வரி மணங்குக்கு இரண்டரை ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாகக் குறைந்தது. 1919 சட்டத்தின் பிறகு மத்திய சட்டசபைக்குச் செலவின் ஒரு பகுதி மீது வாக்குரிமை கிடைத்தது. 1924இல் மோதிலால் நேரு தலைமையில் சுயராஜ்யக் கட்சியினர் அந்த உரிமையைப் பயன்படுத்தி, மானியக் கோரிக்கைகள் சிலவற்றையும் நிதி மசோதாவையும் தோற்கடித்தார்கள். வைஸ்ராய் தம் தனி அதிகாரத்தால் சான்றளித்து அவற்றை நிறைவேற்றிக்கொண்டார். இல்லை என்று சொல்ல முடியாதவரிடம் கேட்பது கேட்பதாகாது என்று சபைக்கு வெளியே இருந்த மக்களுக்கும் அன்று புரிந்தது.

நம் அரசியலமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் இந்த வரலாற்றின் ஊடாக வந்தவர்கள். அந்தச் சட்டத்தில் பட்ஜெட் என்ற சொல்லே கிடையாது. 112ஆவது பிரிவு ஆண்டு நிதிநிலை அறிக்கை என்று மட்டும் சொல்கிறது. அவ்வறிக்கையை வைப்பது முதல் படிதான். அதன்பின் ஒவ்வோர் அமைச்சகத்தின் செலவும் மானியக் கோரிக்கையாக மக்களவையின் வாக்குக்கு வர வேண்டும். பிறகு நிதி ஒதுக்க மசோதா நிறைவேற வேண்டும். அந்தச் சட்டம் இல்லாமல் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. ஏப்ரல் 1க்குள் இது முடியாது என்றால், இடைக்காலச் செலவுக்கு முன்பண மானியம் என்று தனியாகக் கேட்க வேண்டும். 2024 பிப்ரவரியில் தேர்தலை முன்னிட்டு இடைக்கால பட்ஜெட் போட்டுவிட்டு, முழு பட்ஜெட்டை ஜூலை 23 அன்று வைத்தது இந்த முறையில்தான். மாநிலங்களுக்கும் 202ஆவது பிரிவு முதல் இதே ஏற்பாடு. நம் சட்டமன்றத்தில் நாள்கணக்கில் துறை துறையாக நடக்கும் மானியக் கோரிக்கை விவாதம்தான் பட்ஜெட்டின் சதைப்பகுதி. ஆனால் தொலைக்காட்சியில் முழு நாளும் ஓடுவது அறிக்கை வாசிப்பு, செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் சுருங்கிப்போவது மானியக் கோரிக்கை.

பணமும் அனுமதியும் வெவ்வேறு என்பதை உலகம் கண்ணால் பார்த்த சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. மெக்சிகோ எல்லையில் சுவர் எழுப்ப அதிபர் டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டார், நாடாளுமன்றம் தர மறுத்தது. இந்த இழுபறியில் பல துறைகளுக்கான ஒதுக்கீட்டுச் சட்டங்கள் நிறைவேறவில்லை. 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாட்கள் அந்தத் துறைகள் முடங்கின. சுமார் எட்டு லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் வரவில்லை. உலகிலேயே பணக்கார அரசின் கஜானா காலியாகவில்லை. அந்தப் பணத்தை எடுக்கும் சட்டம் இல்லை, அவ்வளவுதான். விமான நிலையங்களில் சோதனை செய்யும் ஊழியர்கள் சம்பளமில்லாமல் வேலைக்கு வந்தார்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் பலர் வராமல் போய், நியூயார்க்கின் லகார்டியா நிலையத்தில் விமானங்கள் தேங்கிய அன்றுதான் சமரசம் பிறந்தது. இந்தியாவில் இப்படி நடக்காது. மானியத்துக்கு வாக்கு கிடைக்காவிட்டால் இங்கே அரசே கவிழும். அந்த விதத்தில் நம் ஏற்பாடு இன்னும் கடுமையானது.

இதெல்லாம் அரசாங்கத்து விவகாரம், வீட்டு பட்ஜெட்டில் யார் யாரிடம் அனுமதி கேட்பது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம் பேச்சு வழக்கையே கவனியுங்கள். திட்டம் தவறியது என்போம், கணக்கு பிசகியது என்போம். பட்ஜெட்டை மட்டும் மீறிவிட்டோம் என்போம். விதியையும் வரம்பையும்தான் மீற முடியும். சம்பளம் வந்த கையோடு துணிமணிக்கு இவ்வளவு, பண்டிகைக்கு இவ்வளவு என்று எழுதி வைப்பவர், மாதக் கடைசியில் கடை வாசலில் நிற்கப்போகும் தமக்கே ஒரு வரம்பு கட்டுகிறார். அங்கே அனுமதி தருபவரும் பெறுபவரும் ஒரே ஆள்தான், வெவ்வேறு தேதியில். சினிமாவில் இது இன்னும் வெளிப்படை. இயக்குநர் எவ்வளவு துல்லியமாகச் செலவுக் கணக்கு எழுதிக்கொண்டு வந்தாலும், தயாரிப்பாளர் தலையசைக்கும் வரை அது காகிதம்தான். தலையசைத்த பிறகு இரண்டு நாள் படப்பிடிப்பு கூடினால், மறுபடியும் அவரிடம் போய்த்தான் நிற்க வேண்டும்.

இனி, என் வாதத்துக்கு எதிரான வலுவான ஆட்சேபத்தைப் பார்ப்போம். அவையில் பெரும்பான்மை உள்ள கட்சிதான் ஆட்சி செய்கிறது. அது கேட்கும், அதுவே கொடுத்துக்கொள்ளும், இதில் அனுமதி என்ற சொல் வெறும் சடங்குதானே? உண்மை இதில் நிறைய இருக்கிறது. விவாதத்துக்கு ஒதுக்கிய காலம் முடிந்ததும் மிச்சமுள்ள கோரிக்கைகளை மொத்தமாக ஒரே வாக்கில் நிறைவேற்றும் முறைக்கு, தலைவெட்டும் இயந்திரத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: கில்லட்டின். 2018இலும் 2023இலும் மக்களவையில் அமளிக்கிடையே எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் அப்படித்தான் நிறைவேறின. இன்னொன்றும் உண்டு. வாக்குக்கே வராத செலவு என்று ஒரு பகுதி இருக்கிறது. அரசின் கடனுக்கான வட்டி, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போன்றவை அதில் அடங்கும். அவற்றைப் பற்றிப் பேசலாம், வாக்களிக்க முடியாது. 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய், அதில் வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. அதாவது நான்கில் ஒரு பங்கு, உறுப்பினர்கள் அவைக்குள் நுழையும் முன்பே முடிவாகிவிட்டது. பழைய ஆண்டுகளில் வாங்கிய கடன் இன்றைய அவையின் கையைக் கட்டிவிடுகிறது.

ஆனால் சடங்கு என்று சொல்லி ஒதுக்கிவிடவும் முடியாது. சடங்காக இருந்தாலும் அது ஒரு காகிதத்தை விட்டுச் செல்கிறது. எதற்கு எவ்வளவு கேட்டோம் என்று அச்சில் இருக்கிறது. அதை வைத்துத்தான் தணிக்கைத் துறைத் தலைவர் இரண்டு ஆண்டு கழித்துக் கணக்குக் கேட்கிறார், பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கிறது. ஒதுக்கியதைவிடக் கூடுதலாகச் செலவாகியிருந்தால், அதை முறைப்படுத்த மறுபடி அவைக்கு வர வேண்டும். அனுமதி என்று ஒன்று இல்லாவிட்டால் மீறல் என்று ஒன்றும் இருக்காது. கோகலேவுக்கு வாக்குரிமை இல்லை, அச்சடித்த எண்கள் இருந்தன. அவருக்கு அது போதுமானதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதுகூட இல்லாத ஆட்சியில் அவர் வாயடைத்து நின்றிருப்பார்.

அந்தக் காகிதத்தைச் சாதாரண வாசகர் எப்படிப் படிப்பது? பட்ஜெட் ஆவணங்களில் எந்தத் திட்டத்துக்கும் எதிரே நான்கு தொகைகள் வரிசையாக இருக்கும். முந்தைய ஆண்டில் உண்மையில் செலவானது, நடப்பாண்டுக்கு முதலில் கேட்டது, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, கடைசியாக வரும் ஆண்டுக்குக் கேட்பது. செய்தியாவது நான்காவது தொகை மட்டும். வீடுதோறும் குழாயில் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரியில் அதற்கு 67,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். பெரிய தொகை, நல்ல செய்தி. பக்கத்துப் பத்திகளைப் பார்த்தால், முந்தைய ஆண்டுக்கு 70,163 கோடி ஒதுக்கியிருந்தார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடியாகச் சுருங்கியிருந்தது. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு 2023-24இல் முதலில் ஒதுக்கியது 60,000 கோடி, திருத்திய மதிப்பீடு 86,000 கோடி. வேலை கேட்டு வருபவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருந்ததால், ஒதுக்கீட்டைத் தாண்டிப் போகத்தான் வேண்டியிருந்தது. ஒதுக்கீடு குறைந்ததும் அரசு ஏழைகளைக் கைவிட்டது என்றும், கூடியதும் அள்ளிக் கொடுத்தது என்றும் தலையங்கம் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வரிகளையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மதிப்பீடு என்றாலே முன்பின் ஆகத்தானே செய்யும், அதைக் குற்றமாக்கலாமா என்பது அடுத்த ஆட்சேபம். ஆகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கொள்ளைநோய் வந்த 2020-21இல், 30.42 லட்சம் கோடி என்று போட்ட மொத்தச் செலவு முடிவில் 35 லட்சம் கோடியைத் தாண்டியது. அதற்காக யாரும் பழி சொல்ல முடியாது. அவசரத்துக்கு என்றே எதிர்பாராச் செலவு நிதி ஒன்றும் இருக்கிறது. மத்திய அரசு அதை 2021இல் 500 கோடியிலிருந்து 30,000 கோடியாக உயர்த்திக்கொண்டது. அதிலிருந்து எடுத்ததையும் பிறகு அவையில் கேட்டுப் பெற்று ஈடுகட்ட வேண்டும். அனுமதி முன்னால் வராவிட்டாலும் பின்னாலாவது வரும். எண் தவறுவது பிழையாக இருக்கலாம். அனுமதியைச் சுற்றிக்கொண்டு போவது வேறு. அதற்கு நம் ரேஷன் அரிசியே உதாரணம்.

இந்திய உணவுக் கழகம் விவசாயிகளிடம் ஆதரவு விலைக்கு நெல்லும் கோதுமையும் வாங்கி, 2022 வரை ரேஷனுக்கு மிகக் குறைந்த விலையில் கொடுத்துவந்தது. இடையிலுள்ள நஷ்டத்தை அரசு உணவு மானியமாக ஈடுகட்ட வேண்டும். 2019-20 பட்ஜெட்டில் அதற்கு 1,84,220 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 1,08,688 கோடியாகிவிட்டது. மக்கள் அரிசி வாங்குவது குறையவில்லை, கழகத்தின் செலவும் குறையவில்லை. குறைந்த பணத்துக்குப் பதிலாக, தேசிய சிறுசேமிப்பு நிதியத்திலிருந்து கழகம் கடன் வாங்கிக்கொண்டது. அதாவது தபால் அலுவலகத்தில் நாம் போட்டுவைத்த சேமிப்பு, உணவுக் கழகத்தின் கடனாகி, அரிசியாகி, ரேஷன் கடைக்கு வந்தது. அரசின் பட்ஜெட்டில் அந்தச் செலவு தெரியவில்லை, ஆகவே பற்றாக்குறையும் குறைவாகத் தெரிந்தது. இந்தப் பழக்கத்தைத் தணிக்கைத் துறை முன்னரே கண்டித்திருந்தது. 2021 பிப்ரவரியில் அரசு அதை நிறுத்துவதாக அறிவித்தது. மூடிவைத்த கடன் முழுவதும் ஒரே ஆண்டில் மேலே வந்தது: 2020-21க்கு முதலில் 1,15,570 கோடி என்று இருந்த உணவு மானியம், திருத்திய மதிப்பீட்டில் 4,22,618 கோடி, உண்மையில் செலவானது 5,41,330 கோடி. கொள்ளைநோய்க் காலத்தில் இலவச அரிசி கொடுத்தது இதில் ஒரு பகுதிதான், பெரும் பகுதி பழைய பாக்கி. எப்படியோ மக்களுக்கு அரிசி கிடைத்ததல்லவா என்பார்கள். கிடைத்தது. ஆனால் அந்தக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளில், அதைக் கட்டப்போகிறவர்களின் பிரதிநிதிகளிடம் அந்தத் தொகை வாக்குக்கு வரவில்லை. செலவு நடந்து முடிந்த பிறகு, மறுக்க வழியில்லாத நிலையில்தான் வந்தது. கணக்கு என்ற அளவில் பார்த்தால் இது ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்கு மாற்றிய விவகாரம். அனுமதி என்ற அளவில் பார்த்தால் சின்ன விஷயம் இல்லை.

கடைசியாக, அதிகாரிகளே முன்வைக்கும் ஆட்சேபம். அனுமதி மார்ச் 31 நள்ளிரவோடு செத்துவிடுவதால்தான் அலுவலகங்களில் மார்ச் மாத அமளி. செலவழிக்காத பணம் ஒப்படைக்கப்பட்டுவிடும், அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் குறையும் என்ற பயத்தில் நாற்காலி வாங்குவதும், சாலையில் அவசரமாகத் தார் ஊற்றுவதும், பில்லைத் தள்ளிவிடுவதும் நடக்கின்றன. அரசின் பொது நிதி விதிகள் இந்தக் கடைசி நேரப் பாய்ச்சலை நிதி ஒழுங்கு மீறல் என்றே சொல்கின்றன. கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேலும் செலவழிக்கக் கூடாது என்று நிதியமைச்சகம் வரம்பும் வைத்திருக்கிறது. இருந்தும் அமளி ஓயவில்லை. பின் ஏன் இந்தக் கெடு? காலாவதியாகாத நிதியம் வைத்தால் என்ன? வடகிழக்கு மாநிலங்களுக்காக 1998இல் அப்படி ஒன்று தொடங்கினார்கள். இராணுவத்தை நவீனப்படுத்த 2021-26 காலத்துக்கு 2.38 லட்சம் கோடி ரூபாயில் ஒரு நிதியம் வேண்டும் என்று பதினைந்தாவது நிதிக்குழுவும் பரிந்துரைத்தது. கப்பலும் விமானமும் பன்னிரண்டு மாதத்தில் வாங்கி முடிக்கக்கூடியவை அல்ல என்பதால் இதில் நியாயம் உண்டு. ஆனால் எல்லாத் துறைக்கும் இதை விரித்தால், ஒருமுறை வாங்கிய சம்மதத்தை வைத்துக்கொண்டு ஒரு துறை ஆண்டுக்கணக்கில் அவையின் பக்கமே தலைகாட்டாமல் இருந்துவிடலாம். இப்போதோ, குடிநீர்த் திட்டத்தில் 47,000 கோடிக்கு மேல் செலவாகாமல் போனால், அமைச்சர் அடுத்த பிப்ரவரியில் கோரிக்கை எண்ணோடு அதை மறுபடி அச்சடித்து, பழைய தொகையையும் பக்கத்துப் பத்தியில் போட்டு, அவையில் வைத்தாக வேண்டியிருக்கிறது.